அன்னமுத்துவுக்கு ஏழு புள்ளி

சென்ற மாதம் ஓர் இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "ரீச்சர், அந்த நாவல் திரும்பவும் பாடத்திட்டத்துக்கு வந்திட்டுது. உங்கடை பழைய நோட்ஸ் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புவியளோ? அன்னமுத்துவின்ரை பாத்திரப் பண்பு மட்டும் இருந்தாலே காணும்."

நோட்ஸ் இல்லை, கொளுத்திவிட்டேன் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். பகிடி இல்லை. ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பே வீட்டு வளவு மூலையில் சருகோடு சேர்த்துக் கொளுத்தினேன். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தொடங்கியிருந்தால் என் குரல் உயர்ந்திருக்கும். அந்தப் பிள்ளை அதற்கு ஆளல்ல. ஆகவே எழுதுகிறேன்.

கலாசாலையில் படித்ததையும் வன்னியில் மரத்தடியில் வகுப்பெடுத்ததையும் இங்கே சொல்லப்போவதில்லை. என் வயது ஆசிரியர்கள் எல்லோருக்கும் அந்தக் கதை உண்டு. நான் சொல்ல வந்தது, மருதனார்மடத்துக்கு அருகே ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்த காலத்தைப் பற்றி. அளவெட்டியிலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன். அப்போதும் இதே நாவல்தான் பாடம்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரையோரக் கிராமம் ஒன்று. அன்னமுத்துவின் கணவன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் வெறுமையாகக் கரை சேர்ந்தது. வீட்டில் மாமியாரும் கைக்குழந்தையும். பசி தாங்காமல் ஒருநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போகிறாள். ஆண்கள் சுற்றி நிற்கிற மீன் ஏலத்தில் தானும் நின்று மீன் எடுத்து, ஊர்மனைகளில் விற்கிறாள். கணவனின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனுக்கு அவள் மேலும் அந்த வள்ளத்தின் மேலும் கண். அவள் மறுக்கிறாள். அவன் கோயில் கூட்டத்தில் எழும்பி அவளைப் பற்றிக் கூடாத கதை கதைக்கிறான். ஊர் அவளை விலக்கி வைக்கிறது. கடைசியில் மாமியாரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வேறொரு கரைக்குப் போய்விடுகிறாள்.

இந்த நாவலுக்கு ஒரு வழிகாட்டி நூல் இருந்தது. அதை எழுதியவரைச் சபாநாதன் சேர் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பு மேல் பதிப்பாக விற்ற புத்தகம். அன்னமுத்து பற்றிய பகுதி இப்படித் தொடங்கும்: "ஆடவர் நடுவே உரத்துக் கத்தும் நாணமற்ற இயல்பினள், சமூகத்தின் நல்லுரையை மதியாமையால் தனித்துப் போனவள்." அதன் கீழே ஐந்து உபதலைப்புகள்.

பதினொரு வருடம் நானும் இதைத்தான் கரும்பலகையில் எழுதினேன். நாவலை வாசிக்காமல் எழுதினேன் என்று நினைக்காதீர்கள். வாசித்தேன். வாசித்துவிட்டும் எழுதினேன். வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான்.

நிரோஜா என்ற பிள்ளை அந்த வகுப்பில் இருந்தாள். மயிலிட்டிக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். அவள் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவள். தகப்பனுக்கு ஷெல் விழுந்து ஒரு கால் இல்லை. கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுப்பார். தாய் பவளம் விடியப்புற பஸ்ஸில் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, சுன்னாகம் சந்தையில் விற்பார். நானே அவரிடம் எத்தனையோ முறை மீன் வாங்கியிருக்கிறேன். "நீர்" என்று ஒரு படி இறக்கித்தான் அவரோடு கதைப்பேன். அவர் என்னை "நீங்கள்" என்பார். அதில் ஏதும் பிழை இருப்பதாக அன்றைக்கு எனக்குப் படவில்லை.

அந்த வரியை நான் பலகையில் எழுதி முடிக்கும்போது பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "நிரோஜாவின்ரை அம்மா!"

வகுப்பு சிரித்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. "சத்தம் போடாதேங்கோ" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த உபதலைப்பை எழுதினேன்.

மறுநாள் நிரோஜா வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் முகாமுக்குப் போனேன். பவளம் வாசலில் நின்றார்.

"பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டேன்.

"சுகத்துக்கு ஒரு குறையுமில்லை ரீச்சர். பள்ளிக்கூடம் வரமாட்டாளாம். உங்கடை பாடத்திலை நான் வந்திட்டனாம்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கதிரையொன்றைத் துடைத்துப் போட்டு, "இருங்கோ" என்றார்.

"நான் ஒண்டு கேக்கலாமோ ரீச்சர்? ஏலத்திலை நிக்கேக்கை உரத்துச் சொல்லாட்டி ஏலம் கூறுறவருக்குக் கேக்காது. கேக்காட்டி மீன் மற்றவனுக்குப் போயிடும். பிறகு எதைக் கொண்டு நான் சந்தைக்குப் போறது? உது கத்துறதில்லை. உது விலை சொல்லுறது. பக்கத்திலை நிக்கிற ஆம்பிளையளும் அப்பிடித்தானே சொல்லுகினம். அவைக்கு உந்த வசனம் எழுதேல்லையோ?"

"எழுதேல்லை" என்றேன்.

சீலைத் திரைக்குப் பின்னாலிருந்து நிரோஜா வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் நாவல். வழிகாட்டி நூல் அல்ல, நாவல். "அம்மாவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினனான் ரீச்சர்" என்றாள்.

"ஓம், பின்னேரம் பின்னேரமா வாசிச்சவள்" என்றார் பவளம். "நல்ல கதைதான். எனக்குக் கடைசிதான் பிடிக்கேல்லை. அந்தப் பெம்பிளை ஏன் ஊரை விட்டுப் போறா? நானெண்டா போகன். நாங்கள் துரத்துப்பட்டு வந்த ஆக்கள். தானா விரும்பி ஆர் தன்ரை கரையை விட்டுப் போறது?"

"அவ தோத்துப் போகேல்லை அம்மா. இன்னொரு கரை இருக்கெண்டு போறா."

"எந்தக் கரையிலையும் உவனைப் போல ஒருத்தன் இருப்பான் பிள்ளை."

தாயும் மகளும் வாதாடினார்கள். பதினொரு வருடத்தில் என் வகுப்பறையில் ஒருநாளும் நடக்காத வாதம். அன்னமுத்துவை அவர்கள் தெரிந்த ஒரு பெண்ணைப் போலக் கதைத்தார்கள். அவள் செய்தது சரியா பிழையா என்பதில் அவர்களுக்கு ஏதோ தங்கியிருந்தது.

அப்போது நிரோஜா சொன்னாள்: "ரீச்சர், ஒண்டு கவனிச்சியளோ? புருசன் காணாமல் போன பிறகு அன்னமுத்துவை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. மாமி 'மருமகள்' எண்டுறா. கோயிலிலை 'இன்னாற்றை பெண்சாதி'. ஒழுங்கையிலை 'மீன்காரி'. ஏலத்திலை மட்டுந்தான் 'அன்னமுத்து' எண்டு கூப்பிடுகினம். விலை கேட்டது ஆரெண்டு அங்கை தெரியவேணுமெல்லோ."

"பின்னை? அங்கை பேர் இல்லாட்டி மீன் இல்லை" என்றார் பவளம்.

வீட்டுக்குப் போய் நாவலை எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து, ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஓர் இடமும் தப்பவில்லை. பட்டதாரி நான், பரீட்சகர் நான். என் கண்ணில் படாத ஒன்று அந்தப் பிள்ளையின் கண்ணில் பட்டிருக்கிறது. அவள் ஏலம் தெரிந்த வீட்டுப் பிள்ளை. நானோ, தெரிந்துகொள்ள எந்த அவசியமும் இல்லாத வீட்டுப் பிள்ளை.

திங்கட்கிழமை வகுப்பில் அந்த வரியைத் திரும்ப எழுதி, எல்லோர் முன்னும் அழித்தேன். அன்று சிரித்ததைக் கேட்டும் கேளாதவள் போல நின்றது என் பிழை என்று நிரோஜாவிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு பெயர் விசயத்தை எழுந்து சொன்னாள். அன்று பின் வாங்கிலிருந்து குரல் கொடுத்தவள்தான் முதலில் நாவலைப் புரட்டிப் பார்த்தாள்.

சோதினை நெருங்கியபோது நிரோஜா கேட்டாள். "நான் எதை எழுத ரீச்சர்? வழிகாட்டியிலை இருக்கிறதையோ, நான் கண்டதையோ?"

"நீ கண்டதை எழுது. நாவலிலை ஆதாரம் காட்டு. ஆதாரத்தோடை எழுதினா ஆராலையும் புள்ளி வெட்ட ஏலாது" என்றேன்.

மனதார நம்பித்தான் சொன்னேன். எழுதினாள்.

அடுத்து விடைத்தாள் திருத்தும் பணி. வெளியில் இருப்பவர்களுக்கு அங்கே நடப்பது தெரியாது. எங்கள் மாவட்டத்து விடைத்தாள்கள் வேறெங்கோ போகும். வேறு மாவட்டத்து விடைத்தாள்கள் எங்களுக்கு வரும். பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும். முதல் நாள் எல்லோரும் ஒரே விடைத்தாளின் பிரதியைத் தனித்தனியாகத் திருத்துவோம். யார் கை இறுக்கம், யார் கை தாராளம் என்று அதில் தெரிந்துவிடும். பிறகு கட்டுகள் வரும். நாங்கள் சிவப்புப் பேனாவால் இடுவோம். பிரதம பரீட்சகர் ஒவ்வொரு கட்டிலும் சிலவற்றை உருவி எடுத்து, ஊதாப் பேனாவால் திரும்ப இடுவார். அவர் இட்டதுதான் முடிவு. மேசையில் தேநீர்க் கோப்பை வைக்கக்கூடாது. புள்ளித் திட்டத்தை மண்டபத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அதை நாங்கள் ஸ்கீம் என்போம்.

எங்கள் மேசைக்குப் பிரதம பரீட்சகர் சபாநாதன் சேர். ஆம், வழிகாட்டி எழுதிய அவரேதான்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர். எங்கள் எல்லோரையும் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பேனாவை மூடி, கைலேஞ்சியால் விரலைத் துடைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார். கூட்டலில் அரைப் புள்ளி பிழைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். எந்தச் சந்தேகத்தோடு போனாலும் ஒரே கேள்வி கேட்பார்: "ஸ்கீமிலை இருக்கோ பிள்ளை?" இருந்தால் புள்ளி. இல்லையென்றால் இல்லை. அவர் மேசையில் வேலை சுலபம் என்று எல்லோரும் விரும்புவார்கள். நானும் விரும்பியிருக்கிறேன்.

அந்த வருடம் கேள்வி இப்படி வந்திருந்தது: அன்னமுத்துவின் ஆளுமையையும் உறவுகளையும் அவள் வாழ்ந்த சமூகப் பின்னணியில் வைத்து ஆராய்க. இருபது புள்ளி. ஸ்கீமைத் திறந்து பார்த்தேன். நாணமின்மைக்கு நான்கு புள்ளி. சமூகத்தைப் பகைத்தமைக்கு நான்கு புள்ளி. வழிகாட்டி நூலின் ஐந்து உபதலைப்புகளும் வரிசை மாறாமல் இருந்தன. எங்கோ ஒரு மண்டபத்தில், யாரோ ஒருவர், இதே தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரோஜாவின் விடையைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாம் நாள் எனக்கு ஒரு விடைத்தாள் வந்தது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பிள்ளை அன்னமுத்துவை விட்டு மாமியாரைப் பிடித்திருந்தது. இந்த நாவலில் மாறுகிற ஆள் அன்னமுத்து அல்ல, மாமியார். தொடக்கத்தில் அவர் ஊரின் வாயால் கதைக்கிறார், முடிவில் தன் வாயால் கதைக்கிறார். ஊர் விலக்கிய பிறகு அந்த இரண்டு பெண்களும் பிள்ளையுந்தான் ஒருவருக்கொருவர் சமூகம் என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாவலிலிருந்து சம்பவம் காட்டியிருந்தது. எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. பதினாறு போட்டேன்.

பின்னேரம் கட்டு திரும்பி வந்தது. என் பதினாறின் மேல் கோடு. பக்கத்தில் ஊதா நிறத்தில் ஏழு.

எழும்பிப் போனேன். "சேர், இந்த விடை…"

"இருங்கோ பிள்ளை." கையிலிருந்த தாளைக் கூட்டி முடித்தார். பேனாவை மூடினார். "சொல்லுங்கோ. ஸ்கீமிலை இருக்கோ?"

"இல்லை. நாவலிலை இருக்கு."

"நாங்கள் நாவலுக்கோ புள்ளி போடுறம்?"

"நாணமின்மைக்கு நாலு புள்ளி குடுத்திருக்கு. அது நாவலிலை எங்கை இருக்கு சேர்?"

"அது நாவலாசிரியற்றை சொல்லெல்லோ பிள்ளை."

பையிலிருந்து நாவலை எடுத்து, பதினான்காம் அத்தியாயத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். முழு நாவலிலும் அந்தச் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. கோயில் கூட்டத்தில், அவளைக் கேட்டு மறுக்கப்பட்ட அந்தக் கொழுந்தன் எழும்பிச் சொல்கிறான். அடுத்த பந்தியிலேயே, அன்று காலைதான் அவன் வள்ளத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி அவள் வாசலில் நின்றான் என்று நாவலாசிரியர் எழுதுகிறார். வம்பன் ஒருவன் வாயில் வைத்த அவதூறை எடுத்து, இது அவளுடைய குணம் என்று எழுதி, ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறோம். படிப்பிக்கப் போகிற ஆசிரியர்களே, பதினான்காம் அத்தியாயம். தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். சொல்கிறவன் யார் என்று பாருங்கள்.

சபாநாதன் சேர் வாசித்தார். நிறுத்தி நிதானமாக வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார்.

"என்ன தெரியும்?"

"நாலாம் பதிப்பு வரேக்கையே ஒருத்தர் உதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் போட்டவர். ஆனா அதுக்கிடையிலை எல்லாப் பள்ளிக்கூடத்திலையும் அதைத்தான் பாடமாக்கிப் போட்டினம். இடையிலை மாத்தினா, கஷ்டப்பட்டுப் பாடமாக்கின பிள்ளைக்கு அநியாயமெல்லோ?"

இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். நானும் வாசித்தும் கவனியாமல் செய்தவள்தானே.

"அப்ப பொய்யைப் பாடமாக்கின பிள்ளைக்கு இருபது. வாசிச்ச பிள்ளைக்கு ஏழு. அப்பிடியோ சேர்?"

"சத்தம் போடாதேங்கோ பிள்ளை."

உரத்துத்தான் கேட்டிருக்கிறேன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் மேசையிலிருந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் "அன்னமுத்து" என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். நான் நகரவில்லை. இந்த விடைக்கு ஏழு சரி என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள், நான் மேலிடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றேன்.

கையெழுத்து என்றதும் அவர் யோசித்தார். ஏழை வெட்டிப் பன்னிரண்டு போட்டார். ஓரத்தில் "ஏற்கத்தக்க மாற்று விடை" என்று எழுதினார்.

"மற்ற மண்டபங்களுக்கும் அறிவியுங்கோ சேர். இப்பிடி எழுதின பிள்ளையள் இன்னும் இருக்குங்கள்."

"அது என்ரை கையிலை இல்லை பிள்ளை." பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்தார்.

அன்றைக்கே இணைப்பாளர் அறைக்குப் போனேன். எழுத்தில் தாருங்கள் என்றார்கள். எழுத்தில் கொடுத்தேன். கவனத்தில் எடுப்பதாகச் சொன்னார்கள். கட்டுகள் வந்தன, போயின. பணி முடிந்தது.

முடிவுகள் வந்தன. நிரோஜாவுக்கு மற்ற இரண்டு பாடத்திலும் ஏ. தமிழில் எஸ், வெறும் சித்தி. பல்கலைக்கழகம் ஒரு நூலிழையில் போயிற்று. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். மாற்றமில்லை என்று ஒரே வரியில் கடிதம் வந்தது.

அவள் என்னிடம் வந்தாள். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "திருப்பி எடுக்கப் போறன் ரீச்சர். இந்த முறை எதை எழுத?" என்று மட்டும் கேட்டாள்.

கையிலிருந்த நாவலை மூடிப் பைக்குள் வைத்தேன். பிறகு, "வழிகாட்டியிலை இருக்கிறதை எழுது பிள்ளை" என்றேன்.

என் வேலைக்காலத்தில் நான் சொன்ன மிகக் கேவலமான வசனம் அது. அவளுக்கு அதுதான் நன்மை என்று தெரிந்து சொன்னேன். ஒரு பிள்ளைக்கு நன்மை செய்ய ஓர் ஆசிரியை பொய் எழுதச் சொல்ல வேண்டியிருக்கிறதென்றால் அந்த அமைப்பை என்னவென்று சொல்வது?

சோதினைக்கு இரண்டு கிழமை இருக்கும். பழைய வினாத்தாள்கள் கொடுப்பதற்காக ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கே போனேன். வாசலிலேயே குரல் கேட்டது. நிரோஜா நடந்து நடந்து பாடமாக்கிக்கொண்டிருந்தாள். பவளம் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வழிகாட்டியை மடியில் விரித்து, வரிக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

"ஆடவர் நடுவே உரத்துக் கத்தும் நாணமற்ற இயல்பு…" என்றாள் மகள்.

"இயல்பு இல்லை பிள்ளை. 'இயல்பினள்'. அதை விட்டா புள்ளி குறைப்பினம். திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னாள். நான் வினாத்தாள்களை வாசலில் இருந்த கதிரையில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஏ வந்தது.

சந்தையில் என்னைக் கண்டதும் பவளம் தூரத்திலிருந்தே கையைக் காட்டினார். "கம்பஸ் கிடைக்கும் ரீச்சர்! எல்லாரும் சொல்லுகினம்." பாரை மீன் ஒன்றைத் துண்டு போட்டுச் சுற்றி என் பையில் வைத்தார்.

"பவளமக்கா, ஒண்டு கேக்கிறன். அந்த வசனத்தை நீங்களே வைச்சுப் பாத்துச் சொல்லிக் குடுத்தியள். உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

அவர் கத்தியைக் கழுவினார். "எழுதினவர் கரைக்கு வந்து பாத்தோ எழுதினவர்? அவர் ஆரையோ எழுதியிருக்கிறார் ரீச்சர், என்னை இல்லை. அதுக்கெல்லாம் கோவப்பட்டுக்கொண்டு இருந்தா எனக்கு விடியப்புறம் பஸ் போயிடும்." அதற்குள் ஒருவர் வந்து சூடை மீன் என்ன விலை என்று கேட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அவருக்குக் கோபப்பட நேரமில்லை. எனக்கு இருந்தது. அந்த மாதம் வந்த பரீட்சகர் நியமனக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினேன். மறுப்பதற்கான காரணத்தை எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். ஒன்பது பக்கம் எழுதி இணைத்தேன். பதில் வரவில்லை. நினைவூட்டி இன்னும் இரண்டு கடிதம் போட்டேன். அவற்றுக்கும் வரவில்லை.

நேற்று சுன்னாகத்தில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். நாவல் திரும்பி வந்ததோடு வழிகாட்டியும் திரும்பி வந்திருக்கிறது. புது அட்டை, புது எழுத்துரு, புது முன்னுரை. கடைக்காரத் தம்பி, "நல்லாப் போகுது ரீச்சர், இந்தக் கிழமையே முடிஞ்சிடும்" என்றார். நின்றபடியே அன்னமுத்துவின் பக்கத்தைப் புரட்டினேன். முதல் வரி, ஓர் எழுத்தும் மாறாமல், அதே இடத்தில் இருக்கிறது.